டூவும்பா வீட்டை விற்பதற்கில்லை

சார்ட்டர்ஸ் டவர்ஸ்,
கேரவன் பூங்கா, துணி துவைக்கும் கொட்டகைக்கு எதிரில்.

அன்பும் மதிப்பும் மிகுந்த என் மூத்த சகோதரி ஜாய்ஸ் அக்காவுக்கு,

உன் தங்கை கோரலி எழுதுவது. நான் சுகம். மெர்வினும் சுகம், அதாவது இடது மணிக்கட்டு நீங்கலாக மீதி மெர்வின் முழுக்கச் சுகம். அங்கே நீயும், க்ளைவ் அத்தானும், அத்தானின் முழங்கால்களும், என் ரோஜாச் செடிகளும் அவ்வாறே சுகமாயிருக்க வேண்டுகிறேன். ரோஜாவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவதாகப் போன தடவை போனில் சொன்னாய். நீ சொன்ன விதத்தைப் பார்த்தால் ஊற்றவில்லை என்றுதான் பட்டது, போகட்டும். இதையும் போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ நடுவில் பேசுவாய். எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, அதனால் கடிதம்.

முதலில் நல்ல செய்தி. வீட்டை விற்கப் போவதில்லை. இதைப் படித்ததும் எழுந்து போய் ஒரு தேநீர் போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் படி. வீட்டை விற்கப் போவதில்லை, அக்கா. வீட்டை விலைக்குக் கேட்ட அந்தப் பல் டாக்டர் தம்பியும் அவன் பெண்டாட்டியும் நம் வேலிப் பக்கம் வந்து நின்று எட்டிப் பார்த்தால், இது விற்பதற்கில்லை, வேறு இடம் பாருங்கள் என்று நயமாகச் சொல்லி அனுப்பிவிடு. நயமாக என்றால் உன் நயம் வேண்டாம், சாதாரண மனிதர்களுடைய நயம். அப்புறம் ஜன்னல்களையெல்லாம் ஒரு நாள் திறந்து வை. குளியலறை வெந்நீர்க் கொதிகலனைப் போட்டு வை. வந்ததும் வராததுமாக அந்தத் தொட்டியில் கழுத்துவரை இறங்கிப் படுக்கப் போகிறேன், யார் கதவைத் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டேன். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லைத் தூக்கிக் கீழே வைத்த மாதிரி இருக்கிறது. எப்படி நடந்தது என்று சொல்கிறேன், கேள்.

புறப்படும்போது நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு உனக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்க வெயிலைத் தேடி வடக்கே போய் ஒவ்வொரு தேசியப் பூங்காவாகவும் ஒவ்வொரு அருவியாகவும் பார்த்துக்கொண்டு வருவது. திரும்பி வரும்போது இருவருக்கும் அந்த வாழ்க்கை பிடித்திருந்தால் வீட்டை விற்றுவிட்டு ஆயுசுக்கும், வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற அந்தக் கேரவனிலேயே இருந்துவிடுவது. ஒருவருக்குப் பிடிக்காவிட்டாலும் வீட்டை விற்பதில்லை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மெர்வின் அந்தக் கேரவனைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிக்கொடுத்ததை நீயும் பார்த்தாய். புல்தரையில் பந்து உருட்டி விளையாடுகிற பௌல்ஸ் கிளப்பில் அவர் நண்பர்கள் கேக் வெட்டி, வழியனுப்பு விழா வைத்து, இனி மெர்வினைப் பிடிக்க முடியாது என்று பேசி, ஒரு ஐஸ் பெட்டியையும் பரிசாகக் கொடுத்தார்கள். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு இது வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? நான் சொல்லவில்லை. கேரவனே நம்மைக் கைவிட்டுவிடும், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று ஏறி உட்கார்ந்தேன். கடவுள் பார்த்துக்கொண்டார், ஆனால் அவர் போன வழி கொஞ்சம் சுற்று வழி.

கர்னார்வன் பள்ளத்தாக்கில்தான் முதல் தங்கல். கேரவனை நிறுத்தித் தங்குகிற இந்தக் கேரவன் பூங்காக்களில் ஒரு வழக்கம் உண்டே, நீயும் அத்தானும்கூட ஒரு காலத்தில் உட்கார்ந்து ரசித்ததுதான். சாயங்காலம் பீர் திறக்கிற நேரத்தில், முன்னாடியே வந்து இடம் பிடித்தவர்களெல்லாம் மடக்கு நாற்காலியை வழியைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு, புதிதாக வருகிறவன் கேரவனைப் பின்னோக்கி ஓட்டித் தன் இடத்தில் நுழைப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். புருஷன் ஓட்டுவான், பெண்டாட்டி பின்னால் நின்று கை காட்டுவாள். டிக்கெட் இல்லாத நாடகம். நல்ல குடும்பங்கள் எப்படிக் கெடுகின்றன என்று தெரிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது. நாங்கள் நுழைந்தபோது சபை நிறைந்திருந்தது. நான் இறங்கிப் பின்னால் போய் நின்று கை காட்டினேன். வா என்று காட்டினால் மெர்வின் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. நில் என்று இரண்டு கையையும் தூக்கினால், நான் யாரோ தெரிந்தவர்களைப் பார்த்துவிட்டேன் என்று எண்ணி இன்னும் கொஞ்சம் வருகிறார். இடது பக்கம் போக வேண்டிய கேரவன் வலது பக்கம் போகிறது, அதைச் சரிசெய்யத் திருப்பினால் வண்டியும் கேரவனும் மடக்குக் கத்தி மாதிரி மடிகிறது, மறுபடி முன்னே, மறுபடி பின்னே, நாற்காலியில் ஒருவர் அடுத்த பீரைத் திறக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. நான் கத்தினேன். என் கத்தல் கேட்டு மெர்வின் பிரேக்குக்குப் பதில் மற்றதை மிதித்தார். தண்ணீர்க் குழாய் ஒன்று கம்பத்தோடு நின்றது பார், அது இருந்த இடத்தில் கேரவன் நின்றது, குழாய் இல்லை, தண்ணீர் மட்டும் வானத்துக்குப் போய்த் திரும்பி என் மேல் கொட்டியது. இந்தப் பயணத்தில் நாங்கள் பார்த்த முதல் அருவி அதுதான். சும்மா சொல்லக் கூடாது, நல்ல அருவி. பின்னால் பார்த்த பலவற்றைவிட அதில் தண்ணீர் அதிகம்.

அன்றைக்குப் பிறகு, கை காட்டுவது சரிப்படாது என்று, க்ளைவ் அத்தான் வழியனுப்பும்போது கொடுத்தாரே அந்த ரேடியோ, அதை எடுத்தோம். வண்டியில் ஒன்று, என் கையில் ஒன்று. பொத்தானை அழுத்திப் பேசினால் அவருக்குக் கேட்கும். அத்தானிடம் என் நன்றியைச் சொல்லு, அந்த நன்றியை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு அவர் இஷ்டம். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிற அலைவரிசையை மெர்வினுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கே மாடு குறுக்கே வருகிறது, எந்தக் கடையில் இறைச்சிப் பலகாரம் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் பேசுவதை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டு வருவார். கேரவன்காரர்களுக்கென்று தனி அலைவரிசை இருக்கிறது. அதற்கு மாற்றிவிட்டுத்தான் நாங்கள் பேச வேண்டும். மாற்ற வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். இங்ஹாமில் கேரவனை நிறுத்தும்போது மாற்ற மறந்துவிட்டோம், அவ்வளவுதான். மனுஷன் மூன்றாவது தடவையும் வேலியை நோக்கி வர, நான் அவருடைய அம்மாவிலிருந்து ஆரம்பித்து அவர் வம்சத்தையே இழுத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, நடுவில் யாரோ ஒரு ஆணின் குரல், ரொம்ப மரியாதையாக.

“அக்கா, கோச்சுக்காதீங்க, கொஞ்ச நேரம் நிறுத்திக்குங்க. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு லாரி ரோட்ட விட்டுப் போகுது.”

ரேடியோவைப் பாவாடைப் பையில் போட்டேன். ஊமையாகக் கை காட்டினேன். வேலி கொஞ்சம் சாய்ந்ததோடு போயிற்று.

இங்ஹாமில் கேரவனை விட்டுவிட்டு வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வாலமன் அருவிக்கு மலையேறினோம். இந்த நாட்டிலேயே ஒரே மூச்சில் அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற அருவி வேறில்லை என்று மெர்வின் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பார்வை மேடைக்குப் போய் நின்றோம். மேகம். முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை, கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அருவியின் சத்தம் மட்டும் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. மெர்வின் அந்த வெள்ளையை இருபது முப்பது படம் எடுத்தார். நீ வரும்போது காட்டுவார், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்வார், பொறுத்துக்கொள். அடுத்து பாலுமா பக்கம் ஒரு அருவி. அங்கே மேகம் இல்லை, வெயில் பளிச்சென்று அடித்தது, அருவியும் இல்லை. பாறையில் ஈரக் கறை ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் வந்திருக்க வேண்டும் என்றார் அங்கே குந்தியிருந்த ஒருவர். மழைக்காலத்தில் பாதையை மூடிவிடுவார்களே என்றேன். ஆமாம் என்றார், அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. மூன்றாவது அருவியில் தண்ணீரும் இருந்தது, வெயிலும் இருந்தது, கீழே குளம் நீல நிறத்தில் கிடந்தது, நான் நீச்சல் உடையோடு போனால் முதலை வந்திருக்கிறது, இறங்க வேண்டாம் என்று பலகை. திரும்பி வந்த காட்டு வழியில் அட்டை. என் கால் இரண்டிலும், மெர்வினுக்குச் சொல்லக் கூடாத ஓரிடத்திலும். கேரவன் பூங்காவுக்கு வந்து நான் உப்பு ஜாடியோடு அவர் பின்னால் ஓட, நாற்காலிக்காரர்கள் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டார்கள்.

மிஷன் கடற்கரையில் நான் பழக் கேக் செய்து ஆற வைத்திருந்தேன். மடக்கு மேஜை மேல்தான் வைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஒரு கேசோவரிப் பறவை. ஆள் உயரம், நீலக் கழுத்து, உதைத்தால் குடல் வெளியே வந்துவிடும் என்பார்களே, அதேதான், கேக்கின் முன்னால் நின்று என்னைப் பார்க்கிறது. முதுகைக் காட்டி ஓடக் கூடாது, எதையாவது குறுக்கே பிடித்துக்கொண்டு மெல்லப் பின்னால் நகர வேண்டும் என்று நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். மெர்வின் மடக்கு நாற்காலியைக் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு என்னையும் பின்னால் மறைத்துக்கொண்டு நகர்ந்தார். ஒரு கூடாரக் கயிற்றில்கூட முட்டாமல், நேராக, அளந்து வைத்த மாதிரி கழிப்பறை வாசல் வரைக்கும் பின்னோக்கியே வந்தார். இந்த மனுஷனா அது என்று நான் அசந்துபோனேன். கேக் முழுக்கப் போயிற்று, தட்டையும் தள்ளி உடைத்தது. அது அம்மாவின் பச்சைத் தட்டு. உனக்குச் சொல்லாமல் விடலாம் என்றுதான் பார்த்தேன்.

அதற்கு மேல் மலாண்டா. மேட்டு நிலத்தில் தூறல், தூறல், தூறல். துணி காயவில்லை, ரொட்டி பூத்துப்போயிற்று, நாங்கள் இருவரும் ஒரு அலமாரிக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போலக் கேரவனுக்குள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கிடந்தோம். அவர் பல் துலக்கும் சத்தம் நாற்பது வருஷமாக வேறு அறையிலிருந்து கேட்டது, இப்போது என் காதுக்குள் கேட்டது. ஒரு நாள் காலை துணி துவைக்கும் கொட்டகைக்குப் போனேன். அங்கே பாலரட்டிலிருந்து வந்த மாவிஸ் என்று ஒரு அம்மா, நல்ல மாதிரி, எங்கள் பக்கத்துக் கேரவன். எப்படியிருக்கிறது பயணம் என்று அவள் சும்மா ஒரு வார்த்தை கேட்டாள், அக்கா. யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. சலவை யந்திரத்தில் சாய்ந்துகொண்டு அழ ஆரம்பித்துவிட்டேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் பாவாடைப் பையில் அந்த ரேடியோ லாரிக்காரர் அலைவரிசையிலேயே இருந்தது, யந்திரத்துக்கும் என் இடுப்புக்கும் நடுவே அதன் பொத்தான் அமுங்கிக் கிடந்தது என்பது எனக்கு எப்படித் தெரியும்? மெர்வினோ வண்டியில் உட்கார்ந்து லாரிக்காரர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எனக்கு இந்தப் பெட்டி வேணாம் மாவிஸ். என் வீடு வேணும். ஆனா அந்த மனுஷன் முகத்தப் பாத்தா வாய் வரல. வீட்ட வித்துட்டா நான் செத்துடுவேன்னு எப்படிச் சொல்லுவேன்?”

இப்படித்தான் சொன்னேன். செத்துவிடுவேன் என்பது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் சொல்லும்போது உண்மையாகவே இருந்தது. துணியை எடுத்துக்கொண்டு திரும்பினால் கொட்டகை வாசலில் மெர்வின். மழையில் தொப்பி இல்லாமல், வழுக்கைத் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நிற்கிறார். மாவிஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டாள்.  நாற்பது வருஷத்தில் அவர் என்னிடம் கோபித்துக்கொண்டது கம்மி, ஆனால் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அது கோபமில்லை என்று புரியவே எனக்கு நேரமாயிற்று.

“கோரி, நீ பேசினது பூரா கேட்டுச்சு,” என்றார். “இந்த மலை பூரா கேட்டுச்சு.” அப்புறம், “வீட்டுக்குப் போயிடலாமா?” என்றார்.

எனக்காகத் தியாகம் செய்கிறாரோ என்று நான் பேச வாயெடுத்தேன். அதெல்லாம் ஒன்றுமில்லை. நனைந்த துணிக் கூடையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு மனுஷன் கொட்டித் தீர்த்துவிட்டார். மத்தியானம் தாண்டினாலே அவருக்குப் பயம் வந்துவிடுமாம். இன்றைக்கு எந்தப் பூங்கா, எத்தனை நாற்காலி, எந்தக் குழாய் என்ற நினைப்பிலேயே அருவி கண்ணில் படாதாம். பள்ளிக்கூடத்துக்குப் போகப் பயப்படுகிற பையன் மாதிரி ராத்திரியில் விழித்துக் கிடப்பாராம். ஏதாவது ஒரு சக்கரம் கழன்று விழாதா என்று வேண்டிக்கொண்டாராம். என்னைப் போலவே, அக்கா, வார்த்தைக்கு வார்த்தை என்னைப் போலவே! நான் வேண்டாம் என்று சொல்வேன் என்று அவர் காத்திருக்க, அவர் ஆசையைக் கெடுக்கக் கூடாதென்று நான் வாயை மூடிக்கொண்டிருக்க, இரண்டு முட்டாள்கள் ஒரு கேரவனை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். அப்படியானால் ஏன் முதல் வாரமே சொல்லவில்லை என்று கேட்டேன். கிளப்பில் கேக் வெட்டினார்களே என்றார். கேக் வெட்டிய பிறகு எந்த முகத்தோடு திரும்பிப் போவதாம். நாங்கள் அந்தக் கொட்டகையில் சிரித்த சிரிப்பில் ஈரத்துணி மறுபடி கீழே விழுந்து, மறுபடி துவைத்தேன்.

மறுநாள் வெயில் அடித்தது. போகிறதுதான் போகிறோம், ஒரு அருவியையாவது ஒழுங்காகப் பார்த்துவிட்டுப் போவோம் என்று மில்லா மில்லா அருவிக்குப் போனோம். வட்டமான குளத்தில் திரைச்சீலை இறக்கிவிட்டது போல நேராக விழுகிறது, பார்த்துக்கொண்டே இருக்கலாம். அங்கே ஒரு வழக்கம், வாலிபப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, நீளத் தலைமுடியைத் தண்ணீரில் நனைத்து, சடாரென்று பின்னால் வீசுவார்கள், முடி ஒரு வில்லைப் போல வளைந்து தண்ணீர் தெறிக்கும், கூட வந்தவன் படம் எடுப்பான். அதற்கு வரிசை நிற்கிறார்கள். மெர்வினுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் தானும் செய்வேன் என்று இறங்கிவிட்டார். தலையில் ஒரு முடி இல்லை. வரிசையில் நின்று, முறை வந்ததும், குனிந்து தலையை நனைத்து, அந்தப் பெண்களைப் போலவே ஒய்யாரமாகப் பின்னால் வீசினார். தலை பின்னால் போயிற்று, கால் முன்னால் போயிற்று, பாசி பிடித்த கல்லில் இடது கையை ஊன்றிக்கொண்டு விழுந்தார். படம் நன்றாக வந்திருக்கிறது. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போடும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து நர்ஸ் பயந்துவிட்டாள், தலையிலும் அடிபட்டிருக்கிறதா என்று கேட்டாள். கிளப்புக்குச் சொல்லிக்கொள்ள இதைவிட கௌரவமான காரணம் கிடைக்குமா? கை ஒடிந்தது, வேறு வழியில்லாமல் திரும்ப வேண்டியதாயிற்று. அருவியில் எப்படி ஒடிந்தது என்பதை மட்டும் நீ யாரிடமும் சொல்லாதே.

ஆகவே இப்போது வண்டியை ஓட்டுவது நான். ஏன் சிரிக்கிறாய்? கிங்கராயில் அப்பாவின் கடலைக் காட்டில் டிராக்டருக்குப் பின்னால் டிரெய்லரை மாட்டி, மூட்டையோடு கொட்டகைக்குள் பின்னோக்கி நுழைத்தது யார், நீயா? நீ மூட்டை மேல் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருப்பாய். கல்யாணமான அன்று மெர்வின் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறினார், நான் இடது பக்கம் ஏறினேன், அத்தோடு நாற்பது வருஷம் போயிற்று. யாரும் தடுக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கடற்கரைச் சாலை வேண்டாம், கூட்டம் என்று உள்நாட்டு வழியாகவே வந்தோம். முதல் நாள் மாட்டுவண்டி வேகத்தில் உருட்டினேன். ரேவன்ஷூ தாண்டி, ஆளில்லாத செம்மண் வெளியில், எதிரே ஒரு மாட்டு லாரி. அதை ஓட்டி வந்தவன் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை எனக்குத் தூக்கினான். நம் ஊர்க்காரர்கள் எதிரில் வருகிறவனுக்கு வணக்கமாகத் தூக்குவார்களே, அந்த ஒற்றை விரல். நாற்பது வருஷம் மெர்வின் பக்கத்தில் உட்கார்ந்து இந்த விரல் தூக்கலைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறேன், ஒன்றுகூட எனக்கில்லை, அத்தனையும் ஓட்டுகிறவருக்கு. நான் திரும்ப விரலைத் தூக்குவதற்குள் அவன் போய்விட்டான். அடுத்தவனுக்குத் தயாராக இருந்தேன். அதற்கு அடுத்தவனுக்கு முன்கூட்டியே தூக்கினேன். மெர்வின் பக்கத்தில் உட்கார்ந்து, ரொம்பத் தூக்காதே கோரி, ஒரு விரல் போதும், கையையே ஆட்டினால் வண்டியில் ஏதோ கோளாறு என்று நிறுத்திவிடுவான் என்கிறார். ஒருவன் நிறுத்தியும்விட்டான்.

நேற்றுச் சாயங்காலம் இந்தச் சார்ட்டர்ஸ் டவர்ஸ் பூங்காவுக்குள் நுழைந்தோம். நாற்காலிகள் வழி நெடுக. ஒரு கிழவி ஓட்டுகிறாள், ஒரு கிழவன் கட்டுப் போட்ட கையோடு இறங்கிப் பின்னால் போகிறான் என்று பார்த்ததும், எழுந்து போகவிருந்தவர்கள்கூட மறுபடி உட்கார்ந்தார்கள். மெர்வின் மாவுக்கட்டை ஆட்டி ஆட்டி என்னென்னவோ காட்டினார். நான் அவரைப் பார்க்கவேயில்லை. இத்தனை நாளும் பின்னால் நின்று அந்தக் கேரவன் எப்போது எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தானே. ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் ஒடித்து, இந்தப் பக்கம் விட்டு, ஒரே தடவையில் உள்ளே. குழாய் அங்கேயே இருந்தது. கேரவன் கோடுகளுக்கு நடுவே நின்றது.  நாற்காலிக்காரர்களுக்குப் பெரிய ஏமாற்றம். கடைசியில் தாடி வைத்த ஒருவர் எழுந்து வந்து, தன் ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு பீரை எடுத்து, மெர்வினைத் தாண்டிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். மெர்வின் முகத்தில் ஒரு துளி பொறாமை இல்லை அக்கா, என் பெண்டாட்டி, என் பெண்டாட்டி என்று நாற்காலி நாற்காலியாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். நல்ல மனுஷன்தான். இருட்டுவதற்கு முன்பே சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார், இந்தப் பயணத்தில் முதல் தடவையாகக் குறட்டையோடு.

நாளைக் காலை இங்கிருந்து தெற்கே திரும்பிவிடுவோம். அப்புறம் வீடு வரை ஒரே சாலை. வந்ததும் அம்மா செய்கிற மாதிரி ஆட்டிறைச்சி வறுத்து உன்னையும் அத்தானையும் கூப்பிடுவேன். என் மேஜையில், என் தட்டுகளில், நாலு பக்கமும் சுவர் உள்ள அறையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். ஆகவே கவலை வேண்டாம். பல் டாக்டரை அனுப்பிவிடு. ஜன்னலைத் திற. வெந்நீரை மறக்காதே.

க்ளைவ் அத்தானுக்கு என் வணக்கமும் அந்த ரேடியோவுக்கான நன்றியும். உன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குறைவில்லாமல் நீடூழி வாழட்டும். உன் இடுப்பு வலி இந்தக் குளிரோடு போய் அடுத்த குளிருக்கு வழி தெரியாமல் தொலையட்டும்.

என்றும் உன் அன்பை நாடும்
தங்கை கோரலி.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைச் சார்ட்டர்ஸ் டவர்ஸில் தபாலில் போடவில்லை. இப்போது ஹியூஎண்டன் பக்கம் ஒரு ஓய்விடத்தில் மர நிழலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஹியூஎண்டன் எங்கே இருக்கிறது என்று நீ வரைபடத்தை எடுத்துப் பார்க்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன், மேற்கே இருக்கிறது. காலையில் முச்சந்தியில் தெற்கே திரும்ப வேண்டும். திரும்புகிற விளக்கெல்லாம் போட்டேன், திரும்பத்தான் பார்த்தேன். வீட்டை நினைத்துக்கொண்டேன். ரோஜா ஞாபகம் வரவில்லை அக்கா. சமையலறை ஜன்னலும் அதற்கு வெளியே அந்தப் பழுப்பு வேலியும்தான் வந்தது. எதிரே ஒரு வண்டிக்காரன் எனக்கு விரலைத் தூக்கினான். நேராகப் போய்விட்டேன். இன்னும் மேற்கே லான் ஹில் என்று ஒரு பூங்காவாம், அங்கே ஓடையில் ஒரு அருவியாம், வறண்ட காலத்திலும் தண்ணீர் வற்றுவதில்லையாம். தாடிக்காரர் சொன்னார். மெர்வினுக்குப் பயமெல்லாம் பின்னோக்கி ஓட்டுவதைப் பற்றித்தானே, இனி அது அவர் வேலையே இல்லை. பல் டாக்டரை அனுப்பிவிட்டாயானால் போய்க் கூட்டிக்கொண்டு வா, வீட்டைச் சுற்றிக் காட்டு, வெந்நீரை நிறுத்து, ரோஜாச் செடிகளை நீ எடுத்துக்கொள். மெர்வினிடம் நான் இன்னும் சொல்லவில்லை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் முன் இருக்கையில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார். எழுந்ததும் சொல்லிவிடுவேன். அதுவரை தூங்கட்டும், பாவம்.